தம்பியின் தூண்டிலுக்கு ஒரு பிடி

தா.பழூர்
விய வருஷம், ஆடி 28

சிரஞ்சீவி தம்பி தர்மராஜுக்கு அண்ணன் அரியமுத்து எழுதுவது. இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உன் கடிதம் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதுதான் நிஜம்.

கடிதத்தை அரியலூர் தபாலாபீசுக்கு நானே போய் வாங்கிக்கொண்டேன். இனிமேலும் அங்கேயே அனுப்பு. இங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் நீ கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாய். மலர்கொடியின் மாமியார் வீட்டாரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பனுக்குப் பெருநோய் என்று தெரிந்தால் என் மகளை ஜெயங்கொண்டத்திலிருந்து வண்டியேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை உனக்கு நான் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

கடிதம் உன் கையெழுத்தில் இல்லை. கம்பவுண்டர் அரங்கநாதன் எழுதியது என்று கீழே போட்டிருந்தது. அண்ணனுக்கு நாலு வரி எழுதக்கூட உனக்கு நேரமில்லையா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து படித்தேன். கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கடலில் தூண்டில் போடுகிறாய், கெளுத்தி இழுக்கிற இழுப்பில் கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, இனிமேல் கயிறு கூடாது, பருமனான பிடி வைத்த கழி இருந்தால் மீன் பிடிக்கலாம், இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தக் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் கையால் வேலை செய்ய முடியாதவர்களைப் பின் கொட்டகைக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே போனவர்களில் ஒருவரும் முன்பக்கம் திரும்பி வந்ததில்லை. அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

கழிதானே வேண்டும். மறுநாளே பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, அரும்பாவூர் போனேன். அங்கே பிச்சைமுத்து என்று ஒரு மரவேலைக்காரர், வண்டி நுகத்தடியிலிருந்து சாமி வாகனம் வரைக்கும் செய்கிறவர். பச்சைமலைக் கல்மூங்கில் அவரிடம் இருந்தது, உள்ளே துளையே இல்லாதது. எதுக்குங்க இது என்று கேட்டார். ஏரியில் மீன் பிடிக்க என்றேன். ஏரிக் குரவைக்கு எதுக்குங்க இம்மாம் பெரிய கழி என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

பிடியை மட்டும் என் கையால் செய்தேன். மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் முப்பது வருஷமாகப் பிடி போடுகிறவன் நான், எனக்குத் தெரியாததா. வாகைக் கட்டையைக் கண்ணாடிச் சில்லால் சீவி, இலுப்பெண்ணெய் போட்டு ஏழு நாள் ஊறவிட்டேன். வரப்பில் நின்று பிடித்துப் பார்த்தேன். வழவழவென்று அப்படி இருந்தது, கீழே வைக்கவே மனசில்லை. மூங்கிலோடு சேர்த்துக் கட்டி, சிதம்பரம் வழியாக ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் சம்சாரம் சிந்தாமணி சுகம். உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஏதாவது சொல்லவேண்டுமானால் உன் அண்ணி ஜெகதாம்பாளிடம் சொல்கிறாள், அண்ணி என்னிடம் சொல்கிறாள். ஒரே வீட்டுக்குள் தபால் நடக்கிறது. அவள் கோபமும் நியாயம்தான். அரியலூர் ஸ்டேஷனில் உன் டிக்கெட்டை நான் உன் கையில் கொடுக்கவில்லை, பெஞ்சின்மேல் வைத்தேன். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதியதில்லை. நானும் இதுவரை எழுதியதில்லை.

செட்டிகுளம் முருகன் உன் கையைக் காப்பாற்றட்டும்.

அண்ணன்
அரியமுத்து


தா.பழூர்
புரட்டாசி 10

தம்பி தர்மராஜுக்கு, உன் அண்ணன் வெட்கத்தோடு எழுதிக்கொண்டது.

எண்ணெய் போட்ட பிடி உப்புத் தண்ணீர் பட்டதும் விலாங்கு மாதிரி நழுவுகிறது என்று எழுதியிருக்கிறாய். கழி இரண்டு தடவை கடலோடு போய், ஒரு கட்டுமரக்காரர் துடுப்பால் தள்ளித் தள்ளிக் கரையில் சேர்த்தாராம். கையால் எடுத்துக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

தப்பு என்னுடையது. வரப்பில் நின்று, உலர்ந்த கையால் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெருமையடித்துக்கொண்டேன். கடலில் நிற்கிறவனுக்குக் கை எப்போது உலர்ந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்கிறவன் புத்தி மண்ணை விட்டு எங்கே போகும்.

ரப்பர் சுற்றலாமென்று அரியலூர் சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டேன். உலகச் சண்டை முடிஞ்சு என்னாங்க பிரயோசனம், டியூப்பைக் கண்ணாலயே பாக்க முடியலை, பழசையே ஒட்டி ஒட்டி ஓட்டிட்டிருக்கோம் என்று கையை விரித்துவிட்டார். ஆகவே நம் ஊரில் கிடைப்பதை வைத்து மூன்று பிடி செய்திருக்கிறேன். ஒன்று தேங்காய் நார்க் கயிறு இறுக்கிச் சுற்றி, முனைகளுக்கு அரக்கு வைத்தது. இரண்டாவது மாட்டுத் தோல் தைத்தது. மூன்றாவது நெட்டி. கல்யாண மாலைக்குச் சீவுகிறார்களே, குளத்தில் வளரும் அந்தத் தக்கை போன்ற தண்டுதான், ஏழெட்டைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது.

நெட்டி என் யோசனை இல்லை. அண்ணியிடமிருந்து தபால் வந்தது. நார் அறுக்கும், நெட்டிதான் மெத்துனு இருக்கும்னு அவ சொல்றா என்றாள். மறுநாள் சிந்தாமணியே குளத்தில் கழுத்து மட்டும் இறங்கிப் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டாள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கிள்ளினால் பிய்ந்து வருகிற சாமான் கொடுவா மீனுக்குத் தாங்குமா. இருந்தாலும் அவள் பிடுங்கியது என்பதற்காக அனுப்புகிறேன்.

அரக்கு உருக்கும்போது என் இடது கை விரலில் ஒரு சொட்டு விழுந்து கொப்பளித்துவிட்டது. வேலை மும்முரத்தில் எனக்குத் தெரியவேயில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது சிந்தாமணிதான் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையைக் கண்டு, இத்தனை நாள் கழித்துப் பேசப்போகிறாளாக்கும் என்று நினைத்தேன். பேசவில்லை, எழுந்து போய்விட்டாள்.

மூன்று பிடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார். எது கைக்கு இதமாக இருக்கிறதென்று ஒளிக்காமல் எழுது. வேண்டாததைக் கழித்துவிட்டு வேண்டியதைச் சீர்படுத்தித் தருகிறேன். பின் கொட்டகை என்ற பேச்சே இனி வரக்கூடாது.

அண்ணன்
அரியமுத்து


தா.பழூர்
ஐப்பசி 20

தர்மராஜுக்கு.

க்ஷேமம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நார்ப் பிடியும் நன்றாக இருக்கிறது, தோல் பிடியும் நன்றாக இருக்கிறது, நெட்டியும் நன்றாக இருக்கிறது, அண்ணன் கை பட்டதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இது என்ன பதில். சோறு எப்படி இருக்கிறது என்று கேட்டால் கல்லும் நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி இருக்கிறது.

நார்ப் பிடியைக் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு, கழியை மாட்டு வண்டியில் கட்டி இழுத்துப் பார்த்தவன் நான். வலது உள்ளங்கை தீயாய் எரிந்தது. இடதில் அவ்வளவாக இல்லை, அது மாட்டுக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை. நாருக்கும் நெட்டிக்கும் வித்தியாசம் பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும். உனக்குத் தெரியாமல் போகுமா. ஏண்டா, உனக்கு இருப்பது கையா கட்டையா. அண்ணனைச் சந்தோஷப்படுத்துவதற்காக எழுதுவதானால் எழுதவே வேண்டாம். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அப்பா அடித்தால்கூட வலிக்கவில்லை என்பாய்.

நீ சொல்லாதபடியால் நானே முடிவு பண்ணிவிட்டேன். நார்ப் பிடியைப் போடு. அது ஒன்றுதான் ஈரத்தில் நழுவாது. முதலில் கொஞ்சம் உரசும், பத்து நாளில் தோல் காய்த்துப் பழகிவிடும், எந்தப் பிடியும் அப்படித்தான். தோலையும் நெட்டியையும் தூக்கி எறி. இது அண்ணன் உத்தரவு.

தீபாவளிக்குச் சிந்தாமணி புதுச் சேலை உடுத்தவில்லை. வாங்கிக் கொடுத்ததை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். நீ என்னவென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாய்.

அரியமுத்து


தா.பழூர்
மார்கழி 5

அன்புள்ள தம்பிக்கு,

கம்பவுண்டர் ஐயா இதை உனக்குப் படித்துக் காட்டுவார். ஐயா, நீங்கள் அவனுக்குத் தெரியாமல் எனக்கு எழுதிய கடிதம் வந்தது. எழுதியதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதில் இருந்ததை அவனிடம் மறைக்காமல் பேசப்போகிறேன், நீங்களும் மறைக்காமல் படியுங்கள்.

தர்மராஜ், நீ என் உத்தரவுப்படியே நார்ப் பிடியைப் போட்டிருக்கிறாய். பத்து நாளில் பழகிவிடும் என்று நான் எழுதினதை நம்பி, தோல் உரிந்ததற்குத் துணியைக் கட்டிக்கொண்டு தினமும் தூண்டில் போட்டிருக்கிறாய். உள்ளே உப்பும் நார்த் தும்பும் ஏறி, நாற்றம் வந்து, பக்கத்துப் பாய்க்காரர் சொல்லித்தான் டாக்டருக்கே தெரிந்திருக்கிறது. எலும்பு தெரிந்ததாம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு எழுதாதீர்கள் என்று நீ கம்பவுண்டர் ஐயாவைக் கெஞ்சியிருக்கிறாய்.

உன் கைக்கு உணர்ச்சியே கிடையாது என்று அவர் எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கண்ணைக் கட்டிவிட்டுக் கோழி இறகால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களாம், தொட்டதை நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம். மூன்று பிடியும் உனக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. நீ பொய் எழுதவில்லை. கையா கட்டையா என்று கேட்டேனே, அதையும் கம்பவுண்டர் ஐயா உரக்கப் படித்திருப்பார், நீ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதை நினைத்தால் இந்தப் பேனாவை உடைத்துப் போடலாம்போல் இருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுதுவதற்கு எனக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கடிதத்தை வீட்டில் படித்தேன். சிந்தாமணி கேட்டுக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அவருக்குக் கையில சூடு தெரியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும் மாமா, துணி இல்லாம சோத்துப் பானையை எறக்குவாரு, நாந்தான் பொறவு தண்ணியில முக்குவேன் என்றாள். ஏம்மா இதை முன்னாடியே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். நீங்க அவரு கையைப் பத்தி எங்கிட்ட எப்ப கேட்டீங்க என்றாள்.

இனிமேல் என் கையால் பிடித்துப் பார்த்து உனக்குப் பிடி செய்கிற வேலை கிடையாது. கம்பவுண்டர் ஐயா, இத்துடன் ஒரு உருண்டை பச்சைமலைத் தேன்மெழுகு அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டு இளக்கி, புண் ஆறியபின் தம்பியைக் கழி பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்லி, அச்சு எடுத்து எனக்குத் திருப்பி அனுப்புங்கள். சூட்டை உங்கள் கையில் வைத்துப் பாருங்கள், அவனிடம் கேட்காதீர்கள். எந்தச் சூடும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான்.

இன்னொன்று, இது சிந்தாமணி சொன்னது. பிடிமேல் வெள்ளைத் துணி சுற்றணும் மாமா, கைக்குத் தெரியாட்டி கண்ணாலதான் பாக்கணும், ஒவ்வொரு மீனுக்கும் துணியைப் பாத்து, செவப்பு தெரிஞ்சா வச்சிட்டுப் போயிடணும் என்றாள். இதை நான் யோசித்திருக்கவேண்டும். நாலு மாதமாக மரத்தையும் நாரையும் தோலையும் பற்றியே யோசித்தேன், பிடிக்கிற கையைப் பற்றி யோசிக்கவில்லை.

இன்னும் மூன்று விரல் இருக்கிறது. டாக்டர் ஐயா காலில் விழுந்து கேட்டதாகச் சொல்லுங்கள், தை முடியும் வரைக்கும் அவனைப் பின் கொட்டகைக்கு மாற்ற வேண்டாம்.

அண்ணன்
அரியமுத்து


தா.பழூர்
மாசி 2

அன்புத் தம்பி தர்மராஜுக்கு,

மெழுகு உடையாமல் வந்து சேர்ந்தது. மாற்றுவதை மாசிக் கடைசி வரை டாக்டர் தள்ளிவைத்திருக்கிறார் என்ற செய்தியும் வந்தது. அதுவரைக்கும் நாள் இருக்கிறது.

மெழுகைப் பிரித்ததும் உன் கையை அதில் தேடினேன். கொள்ளிடத்தில் உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தபோது பிடித்திருந்த கை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மெழுகில் இருந்தது அது இல்லை. கட்டைவிரல் அமுங்கிய குழி ஒன்று. மடங்கிப்போன இரண்டு விரலின் குழி இரண்டு. மற்ற இடம் தட்டையாக இருந்தது. சிந்தாமணி அதை என்னிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு குழியிலும் தன் விரலை வைத்துப் பார்த்தாள். நான் வெளியே போய்விட்டேன். அன்று முழுக்கத் திருப்பித் தரவில்லை. வெயிலில் இளகிவிடுமென்று தண்ணீர்ப் பானை வைக்கிற ஈர மணலில் வைத்திருந்தாள்.

அதை எடுத்துக்கொண்டு அரும்பாவூர் போனேன். பிச்சைமுத்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரு கைன்னு கேக்க மாட்டேங்க என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். கல்யாண முருங்கைக் கட்டை, பஞ்சு மாதிரி கனமில்லாதது. அச்சுப்படியே குடைந்தார். அதன்மேல் நெட்டியைச் சீவி நான் ஒட்டினேன். சிந்தாமணி சொன்னதுதான் கடைசியில் சரியாக வந்தது. நெட்டி பிய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், கை பிய்ந்தால் என்ன செய்வது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைத் துணி.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வாரை ஒட்ட அரக்கு உருக்கினோம். கரண்டி சாய்ந்து என் இடது புறங்கையில் கொட்டிவிட்டது. நான் பிச்சைமுத்துவிடம் மழையைப் பற்றி என்னமோ பேசிக்கொண்டிருந்தேன், பேசிக்கொண்டே இருந்தேன். அவர்தான் அலறினார். ஐயோ கையி கையி என்றார். தோல் கருகின வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தம்பி. அரக்கைப் பிய்த்து எடுத்தபோதும் தெரியவில்லை.

பிச்சைமுத்து மெழுகைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் குடித்த டீ டம்ளரை எடுத்து வைக்கப் போனேன். அது அங்கேயே கெடக்கட்டுங்க என்றார். இன்னொரு மூங்கில் வேண்டும் என்று கேட்டேன். முதல் தடவை எதற்கு என்று கேட்டவர் இந்தத் தடவை கேட்கவில்லை. கொட்டகைக்கு வெளியே மண்ணில் வைத்துவிட்டு, எடுத்துக்கங்க என்றார். நல்ல மனுஷன்தான், உன் டிக்கெட்டை நான் பெஞ்சில் வைத்த மாதிரி அவரும் மூங்கிலைத் தரையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து சிந்தாமணியிடம் கையைக் காட்டினேன். புரட்டாசியிலிருந்தே எனக்குச் சந்தேகம் மாமா, அன்னிக்குக் கொப்பளத்தைப் பாத்தப்பவே என்றாள். மனசில் கொஞ்சம் நம்பிக்கை பாக்கி இருந்தது. கம்பவுண்டர் ஐயா எழுதிய மாதிரி செய்து பார்த்துவிடு என்றேன். கோழி இறகு ஒன்று எடுத்து வந்தாள். கண்ணை மூடிக்கங்க, தொட்டா சொல்லுங்க என்றாள். மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவள் இன்னும் ஆரம்பிக்கவில்லையே, என்ன செய்கிறாள் என்று எனக்கு வழக்கம்போல் கோபம் வந்தது. எவ்வளவு நேரம்மா என்று கேட்டுக் கண்ணைத் திறந்தேன். இறகு என் கைமேல்தான் இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நம் இருவருக்கும் ஒரே தட்டில் அம்மா சோறு போட்டு வளர்த்தாள். வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் உனக்கு வந்தபோது உன்னைப் போகச் சொல்ல நான் இருந்தேன். என்னைப் போகச் சொல்ல இங்கே ஒருவரும் இல்லை, நானே சொல்லிக்கொண்டேன். மலர்கொடி கேட்டால் அப்பா கொழும்புக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி அண்ணியிடம் சொன்னேன். அவள் என் கைக்கட்டைப் பார்த்தாள், சரி என்றாள். அடுப்படிக்குப் போய் வழிக்கு மாவு இடித்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அரியலூரில் ரயில் ஏறுகிறேன். உன் பிடியும், இரண்டாவது கழியும் என்னோடு வரும். இரண்டாவது கழிக்கு இன்னும் பிடி போடவில்லை. அங்கே வந்து அச்சு எடுத்துக்கொண்டு செய்யலாம், இப்போது எப்படிச் செய்வதென்று தெரியும். சிந்தாமணி நாலு முழ வெள்ளைத் துணியை இரண்டு பங்காகக் கிழித்து மூட்டை கட்டினாள். மூட்டைக்குள் அவளுடைய சேலைகளும் இருப்பதைப் பார்த்தேன். அதில் தீபாவளிச் சேலையும் இருந்தது. நீ வராதே என்று சொல்ல எனக்கு அதிகாரம் போய்விட்டது. கம்பவுண்டர் ஐயா, வேலிக்கு வெளியே ஒரு கூரை போட இடம் கிடைக்குமா என்று பார்த்து வையுங்கள். தினமும் இரண்டு பேருடைய துணியைப் பார்க்கக் கண் உள்ள ஒருத்தி வேண்டுமல்லவா.

பெரியவன் சின்னவனுக்கு ஆசீர்வாதம் எழுதித்தான் கடிதத்தை முடிக்க வேண்டும். இந்தத் தடவை கேட்டுக்கொள்வதற்குத்தான் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டாம், வெயில். வாசலில் நில். நான் வந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போ. வலது கையைப் பிடி, தம்பி. அதில் எனக்கு இன்னும் தெரிகிறது.

உன் அண்ணன்
அரியமுத்து